ஹோண்டா ஃபிட் – ஜாஸ்: தலைமுறைகளும் நாட்டுக்கு நாடு மாறிய வடிவங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஃபிட், ஜாஸ் இரண்டும் ஒரே காரா?

ஒரே கார்தான். ஜப்பான், சீனா, வட அமெரிக்கா, பிரேசில் ஆகிய நாடுகளில் இது ஃபிட் என்றும், ஐரோப்பா, இந்தியா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஜாஸ் என்றும் விற்கப்பட்டது. சிங்கப்பூரில் அதிகாரபூர்வ விற்பனையாளரிடம் ஜாஸும், ஜப்பானிலிருந்து நேரடியாகத் தருவிக்கும் இறக்குமதியாளர்களிடம் ஃபிட்டும் கிடைத்ததால், இரண்டும் வெவ்வேறு கார்கள் என்றே அங்கு பலர் நினைத்திருந்தனர். ஜாஸ் என்ற பெயர் இந்தக் காருக்காகப் புதிதாக வைக்கப்பட்டதும் அன்று. 1980களில் ஹோண்டா சிட்டியின் முதல் தலைமுறையை ஐரோப்பாவில் இதே பெயரில் விற்றிருக்கிறார்கள்.

ஆயினும், ஒரே தலைமுறையைச் சேர்ந்த ஃபிட்டுக்கும் ஜாஸுக்கும் இடையே எஞ்சின், கியர்பாக்ஸ், பம்பர் என எல்லாமே வேறுபடக்கூடும். காரின் பின்புறம் ஒட்டியிருக்கும் பெயரை வைத்து அதன் உள்ளிருப்பதை முடிவு செய்ய இயலாது.

எத்தனை தலைமுறைகள் வந்துள்ளன?

நான்கு. லோகோ என்ற பழைய சிறிய காருக்கு மாற்றாக, முதல் தலைமுறை 2001 ஜூனில் ஜப்பானில் அறிமுகமானது. இரண்டாவது 2007 அக்டோபரிலும், மூன்றாவது 2013 செப்டம்பரிலும், நான்காவது 2020 பிப்ரவரியிலும் அங்கு விற்பனைக்கு வந்தன. பிற நாடுகளுக்கு ஒவ்வொரு தலைமுறையும் சில மாதங்கள் முதல் ஐந்து ஆண்டுகள் வரை தாமதமாகவே சென்று சேர்ந்தது. அமெரிக்காவில் முதல் தலைமுறையே 2006இல்தான் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே ஜப்பானில் அதன் காலம் முடிந்துவிட்டது. எனவே "2008ஆம் ஆண்டு ஃபிட்" என்று ஒருவர் சொன்னால், எந்த நாட்டுக் கார் என்று தெரியாமல் அது எந்தத் தலைமுறை என்று கூற முடியாது.

ஜப்பானியச் சந்தையில் இந்தக் காருக்கு இருந்த இடத்தை ஒரு செய்தியால் விளக்கிவிடலாம். 1969 முதல் 33 ஆண்டுகளாக ஆண்டு விற்பனையில் முதலிடத்தை விட்டுக்கொடுக்காதிருந்த டொயோட்டா கொரோலாவை 2002இல் இரண்டாமிடத்துக்குத் தள்ளியது முதல் தலைமுறை ஃபிட்தான்.

சேசிஸ் எண்ணைக் கொண்டு எந்த வகை என்று அறிவது எப்படி?

ஜப்பானுக்காகத் தயாரான கார்களில் சேசிஸ் எண்ணின் தொடக்கத்தில், சிறுகோட்டுக்கு முன்னால், இரண்டு ஆங்கில எழுத்துகளும் ஓர் இலக்கமும் இருக்கும். அந்த மூன்று குறிகளே தலைமுறை, எஞ்சின், எத்தனை சக்கர இயக்கம் என்ற மூன்றையும் சொல்லிவிடும்.

முதல் தலைமுறையில் ஜிடி1 என்பது 1.3 லிட்டர் முன்சக்கர இயக்கம். ஜிடி2 அதன் நான்கு சக்கர இயக்க வடிவம். ஜிடி3, ஜிடி4 இரண்டும் அதே வரிசையில் 1.5 லிட்டர். இரண்டாம் தலைமுறையில் ஜிஇ6, ஜிஇ7 ஆகியவை 1.3 லிட்டர், ஜிஇ8, ஜிஇ9 ஆகியவை 1.5 லிட்டர். அத்தலைமுறையின் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் கொண்ட வகை) ஜிபி1. மூன்றாம் தலைமுறையில் ஜிகே3 முதல் ஜிகே6 வரை பெட்ரோல் கார்கள். ஜிபி5 முன்சக்கர ஹைபிரிட், ஜிபி6 நான்கு சக்கர ஹைபிரிட். நான்காம் தலைமுறையின் குறிகள் ஜிஆர் என்று தொடங்குகின்றன. ஜிஆர்1 தொடக்க கால 1.3 லிட்டர் பெட்ரோல், ஜிஆர்3 ஹைபிரிட்.

இந்தியாவில் தயாரான ஜாஸுக்கு இம்முறை பொருந்தாது. அதில் 17 குறிகள் கொண்ட எண் இருப்பதால், தயாரிப்பு ஆண்டையும் பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் கொள்ளளவையும் கொண்டுதான் வகையை உறுதி செய்ய வேண்டும்.

உள்ளே இவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது?

பெட்ரோல் டாங்க் இருக்கும் இடத்திலிருந்து. வழக்கமான சிறிய கார்களில் டாங்க் பின் இருக்கைக்கு அடியில் இருக்கும். ஃபிட்டில் அதைத் தட்டையாக்கி முன் இருக்கைகளுக்கு அடியில், காரின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். இதனால் பின் இருக்கைக்குக் கீழே தரை தாழ்ந்து, வெற்றிடம் உருவானது. இருபது ஆண்டுகளில் எஞ்சினும் கியர்பாக்ஸும் தோற்றமும் மாறிக்கொண்டேயிருந்தாலும், நான்கு தலைமுறைகளிலும் இந்த அமைப்பு மட்டும் மாறவில்லை. இந்தக் காரின் உண்மையான அடையாளம் இதுதான் என்பது என் கருத்து. மற்ற எதையும் வேறொரு நிறுவனம் வேறொரு காரில் கொடுத்திருக்கிறது.

பின் இருக்கையில் நாம் உட்காரும் பகுதியைப் பிடித்து மேலே தூக்கினால் அது திரையரங்க நாற்காலியைப் போல முதுகுப் பகுதியோடு ஒட்டி நிற்கும். அடியில் தொங்கும் இரும்புக் காலை மடக்கிவிட்டால் தரையிலிருந்து கூரைவரை முழு உயரமும் காலியாகிவிடும். உயரமான பூந்தொட்டியையோ மடக்க முடியாத நாற்காலியையோ சாய்க்காமல் அங்கே நிறுத்தலாம். முதுகுப் பகுதியை முன்னால் சாய்த்தால், உட்காரும் பகுதி தானாகக் கால் வைக்கும் பள்ளத்தில் இறங்கி, டிக்கியின் தரை ஏறத்தாழச் சமமாக நீளும். இதை ஹோண்டா பல நாடுகளில் "மேஜிக் சீட்" என்ற பெயரில் விளம்பரப்படுத்தியது.

முதல் தலைமுறையில் நான்கு சிலிண்டருக்கு எட்டு ஸ்பார்க் பிளக் என்பது உண்மையா?

ஐ-டிஎஸ்ஐ என்று குறிக்கப்பட்ட 1.3 லிட்டர் எஞ்சினில் உண்மைதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு பிளக்குகள் உண்டு. எஞ்சினின் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்பச் சிறு இடைவெளியில் அவை தீப்பொறி தருவதால், எரிபொருள் விரைந்து முழுமையாக எரிந்தது. 2003இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியின் 1.5 லிட்டர் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று: பின்பக்கத்து நான்கு பிளக்குகள் கைக்கு எளிதில் எட்டாதவை என்பதால், முன்பக்க நான்கை மட்டும் மாற்றிவிட்டு முழுச் சர்வீஸுக்கான கட்டணத்தை வாங்கிக்கொள்ளும் பட்டறைகளும் இருக்கின்றன.

முதல் தலைமுறை ஆட்டோமேட்டிக் கார்கள் கிளம்பும்போது அதிர்வது ஏன்?

அவற்றில் இருப்பது சிவிடி, அதாவது தனித்தனிக் கியர்கள் இல்லாமல் விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் கியர்பாக்ஸ். எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாக மென்மையாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் அதில் கிடையாது. கார் நின்ற நிலையிலிருந்து நகர்வதற்கு, எண்ணெயில் நனைந்த பல தட்டுகள் கொண்ட ஸ்டார்ட் கிளட்ச் ஒன்று பயன்படுகிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் பழையதானாலோ பொருந்தாத எண்ணெயை ஊற்றினாலோ இத்தட்டுகள் சீராகப் பற்றாமல் கார் உதறத் தொடங்கும். பல நேரங்களில் ஹோண்டா குறிப்பிடும் எண்ணெயை மாற்றி, ஸ்டார்ட் கிளட்ச் அளவீட்டைக் கணினிக்கு மறுபடி கற்பித்தாலே சரியாகிவிடும். தட்டுகள் தேய்ந்திருந்தால் செலவு பெரிது. இரண்டாம் தலைமுறை சிவிடியில் டார்க் கன்வெர்ட்டர் சேர்க்கப்பட்டதும் இந்தக் குறை நீங்கியது.

அமெரிக்கக் கார்களில் இந்தப் பேச்சே எழவில்லை. அங்கு முதல் இரண்டு தலைமுறைகளிலும் வழக்கமான ஐந்து வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத்தான் பொருத்தினார்கள்.

ஐரோப்பிய ஜாஸில் வந்த ஐ-ஷிஃப்ட் என்பது என்ன?

மேனுவல் கியர்பாக்ஸின் கிளட்சையும் கியர் மாற்றத்தையும் இயந்திரமே செய்யும் ஏற்பாடு அது. இரண்டாம் தலைமுறையில் சிவிடிக்குப் பதிலாக இதை ஐரோப்பாவில் கொடுத்தார்கள். ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் கார் ஒரு நொடி தயங்கியதால், முதல் தலைமுறையின் சிவிடிக்குப் பழகியவர்கள் இதை விரும்பவில்லை. 2011இல் செய்த மாற்றங்களோடு சிவிடி திரும்பி வந்தது.

ஹைபிரிட் கார்களில் தலைமுறைக்குத் தலைமுறை என்ன வேறுபாடு?

மூன்று தலைமுறைகளில் மூன்று வெவ்வேறு ஹைபிரிட் முறைகளை ஹோண்டா பயன்படுத்தியிருக்கிறது. "ஃபிட் ஹைபிரிட்" என்று பொதுவாகக் கேட்டு விலை பேசுவது இதனால்தான் ஆபத்தானது.

2010 அக்டோபரில் வந்த ஜிபி1இல் இருந்தது ஐஎம்ஏ முறை. 1.3 லிட்டர் எஞ்சினுக்கும் சிவிடிக்கும் நடுவே 14 குதிரைத்திறன் கொண்ட மெல்லிய மோட்டார் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். எஞ்சினுக்குக் கைகொடுப்பதே அதன் முக்கிய வேலை. நிக்கல் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருக்கும். அன்றைய ஜப்பானியச் சோதனை முறைப்படி லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். தொடக்க விலை 15.9 லட்சம் யென். அமைப்பு எளிமையானது என்பதால் பேட்டரி தவிர மற்ற பகுதிகளில் பெரிய தொல்லைகள் குறைவு.

2013இல் ஜிபி5 முற்றிலும் வேறொரு முறையோடு வந்தது. 1.5 லிட்டர் எஞ்சின், ஏழு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ், அதனுள்ளேயே ஒரு மோட்டார், லித்தியம் அயனி பேட்டரி என்று அமைந்த ஐ-டிசிடி முறை அது. மோட்டாரும் எஞ்சினும் சேர்ந்து 137 குதிரைத்திறன் தந்தன; எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரால் மட்டும் ஓடவும் முடிந்தது. ஜேசி08 என்ற ஜப்பானிய எரிபொருள் சோதனையில் அடிப்படை வகைக்கு லிட்டருக்கு 36.4 கிலோமீட்டர் கிடைத்தது. சோதனைக் கூடத்தில் கிடைக்கும் எண்ணைக் கொழும்பு நெரிசலில் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான்காம் தலைமுறையின் இ:எச்இவி முறையில் கியர்கள் இல்லை. நகரத்தில் எஞ்சின் ஜெனரேட்டரைச் சுழற்றி மின்சாரம் தரும். சக்கரங்களை இயக்குவது மோட்டார். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது ஒரு கிளட்ச் எஞ்சினைச் சக்கரங்களோடு நேரடியாக இணைத்துவிடும். ஓட்டுபவருக்கு ஏறத்தாழ மின்சாரக் காரை ஓட்டும் உணர்வே இருக்கும். மூன்றிலும் இதுவே முதிர்ந்த முறை என்பேன்.

ஜிபி5 காரை வாங்கலாமா? அதன் கியர்பாக்ஸ் குறித்து இவ்வளவு புகார்கள் ஏன்?

புகார்களுக்குக் காரணம் உண்டு. விற்பனைக்கு வந்து ஏறத்தாழ ஓராண்டுக்குள் மூன்றாம் தலைமுறைக் கார்களை ஐந்து முறை திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. அவற்றில் பல, இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருள் தொடர்பானவை. ஐந்தாவது அறிவிப்பு வந்த 2014 அக்டோபரில், ஹோண்டாவின் அப்போதைய தலைவர் தக்கநோபு இத்தோ தம் ஊதியத்தில் 20 விழுக்காட்டை மூன்று மாதங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார்.

மென்பொருளைத் தாண்டியும் ஒரு பண்பு உண்டு. இதிலுள்ள கிளட்ச் தட்டுகள் எண்ணெயில் நனையாத உலர் வகை. ஏற்றத்தில் நெரிசலில் சிக்கி, பிரேக்கை முழுதாக அழுத்தாமல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்துகொண்டே இருந்தால், கிளட்ச் பாதி பற்றிய நிலையில் உராய்ந்து சூடேறும். கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் வரும். கண்டி, நுவரெலியா போன்ற மலைப்பாதைகளில் ஓட்டுவோர் இதை அறிவார்கள். முன்னால் இடைவெளி விட்டு, நின்று, பிறகு சற்றுத் தொடர்ச்சியாக நகர்வதே உரிய பழக்கம்.

தேவையான திருத்தங்கள் அனைத்தும் செய்யப்பட்ட, பராமரிப்புப் பதிவுள்ள, பின்னாளில் தயாரான ஜிபி5ஐத் தயங்காமல் பார்க்கலாம். தொடக்க மாதங்களில் தயாரானவற்றுக்கு விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தியாவில் விற்ற ஜாஸ் பிற நாட்டுக் காரிலிருந்து எவ்வாறு வேறுபட்டது?

இந்திய ஜாஸின் உருவத்தைத் தீர்மானித்ததில் வரிச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. நீளம் 4 மீட்டருக்கு உட்பட்டும், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்கு மிகாமலும், டீசல் எஞ்சின் 1500 சிசிக்கு மிகாமலும் இருந்தால்தான் சிறிய காருக்கான குறைந்த வரி கிடைக்கும். ஜப்பானில் 1.3, 1.5 லிட்டர் எஞ்சின்களோடு விற்ற கார், இங்கே 1198 சிசி எஞ்சினோடு 90 குதிரைத்திறனுக்குள் நின்றது இதனால்தான். மூன்றாம் தலைமுறைக் கார் அமெரிக்காவில் பெரிய பம்பர்களோடு 4,064 மில்லிமீட்டர் நீளம். இந்தியாவில் அதுவே 3,955 மில்லிமீட்டர்.

முதல் தலைமுறை இந்தியாவுக்கு வரவில்லை. இரண்டாம் தலைமுறை 2009 ஜூனில் ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. ஒரு ஹேட்ச்பேக் காருக்கு அந்த விலை கொடுக்க அன்றைய இந்திய வாடிக்கையாளர் ஆயத்தமாக இல்லை. சற்றே கூடுதலாகப் போட்டால் செடான் கிடைக்கும் என்று எண்ணினார். 2011இல் சிறு மாற்றங்களோடு விலையை 5.5 லட்சமாகக் குறைத்ததும் கேட்போர் கூடினர். ஆனால் டீசல் எஞ்சின் இல்லாத குறை அந்த ஆண்டுகளில் எளிதில் தாண்டக்கூடியதாக இல்லை. 2013இல் விற்பனை நின்றது.

2015 ஜூலையில் வந்த மூன்றாம் தலைமுறை இந்தப் பாடங்களைக் கற்றிருந்தது. 1.2 பெட்ரோலோடு 100 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டீசலும் வந்தது. ஜப்பானிய ஃபிட்டில் டீசலே கிடையாது. இது இந்தியாவுக்கே உரிய சேர்க்கை. 2020இல் பிஎஸ்6 என்ற புகை மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது டீசலைக் கைவிட்டு, பெட்ரோலை மட்டும் தொடர்ந்து, 2023 தொடங்கிய சில மாதங்களுக்குள் ஜாஸ் இந்தியச் சந்தையிலிருந்து முற்றிலும் விலகியது. இந்தியக் கார்கள் சிலவற்றில் மேஜிக் சீட் இருக்காது. வாங்குமுன் பின் இருக்கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

இலங்கையில் ஏன் ஃபிட் ஹைபிரிட்டே அதிகம் காணப்படுகிறது?

இலங்கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய பின் ஏலத்தின் வழியாக இறக்குமதியான கார்கள். ஹைபிரிட் வாகனங்களுக்கு வரிச் சலுகை இருந்த ஆண்டுகளில் ஜிபி1, பின்னர் ஜிபி5, அவற்றோடு அதே அடித்தளத்தில் உருவான ஃபிட் ஷட்டில், வெசல், கிரேஸ் ஆகியவை பெருமளவில் வந்திறங்கின. ஜப்பானும் இலங்கையும் இடதுபுறம் ஓட்டும் நாடுகள் என்பதால் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் உள்நாட்டில் இருந்த பழைய ஃபிட்டுகளின் விலை ஏறியது இயல்பே.

இவ்வகைக் கார்களில் ஏல அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது அவசியம். அதில் அன்றைய ஓட்டத் தூரமும் விபத்துக் குறிப்பும் இருக்கும்; மீட்டரில் இப்போது தெரியும் எண் அதைவிடக் குறைவாக இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மின்சார ஃபிட் ஒன்று வந்ததா?

வந்தது. 2012இல் இரண்டாம் தலைமுறை உடலமைப்பில் 20 கிலோவாட்-மணி பேட்டரியோடு ஃபிட் இவி வெளியானது. அமெரிக்கச் சோதனைப்படி ஒரு சார்ஜில் 132 கிலோமீட்டர் ஓடும். அமெரிக்காவில் 1,100 கார்களை மட்டும் குத்தகைக்குக் கொடுக்கத் திட்டமிட்டார்கள், விலைக்கு விற்கவில்லை.

பிரேசில், சீனா, மெக்சிகோ கார்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?

பிரேசிலில் 2003 முதல் சுமரே ஆலையில் ஃபிட் தயாரானது. எத்தனாலும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் கலந்திருந்தாலும் ஓடும் எஞ்சின் அங்கத்திய கார்களின் தனித்தன்மை. சீனாவில் குவாங்சோவில் ஹோண்டாவின் கூட்டு நிறுவனம் முதலில் ஃபிட் செடானையும் பிறகு ஹேட்ச்பேக்கையும் தயாரித்தது. 2005 முதல் அதே நகரில் ஏற்றுமதிக்கென்றே அமைந்த மற்றோர் ஆலையிலிருந்து ஐரோப்பாவுக்கு ஜாஸ் சென்றது. நான்காம் தலைமுறையில் சீனாவின் இரண்டு கூட்டு நிறுவனங்களும் ஒரே காரை ஃபிட், லைஃப் என்ற இரு பெயர்களில் விற்றன. அமெரிக்காவுக்கு 2015ஆம் ஆண்டு மாதிரி முதல் மெக்சிகோவின் செலாயா ஆலையிலிருந்து கார்கள் சென்றன. 2020ஆம் ஆண்டு மாதிரியோடு அங்கு ஃபிட் நிறுத்தப்பட்டது.

சிட்டி, வெசல், டபிள்யூஆர்-வி ஆகியவற்றுக்கும் ஃபிட்டுக்கும் என்ன உறவு?

ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. ஃபிட்டின் அடித்தளத்தில் டிக்கி சேர்த்தால் சிட்டி. தாய்லாந்தில் தயாரான அந்தச் செடானை ஜப்பானில் 2002 முதல் ஃபிட் ஆரியா என்று விற்றார்கள். மூன்றாம் தலைமுறைக் காலத்தில் சிட்டியின் ஹைபிரிட் வடிவமே ஜப்பானில் கிரேஸ் ஆனது. டிக்கியை நீட்டினால் ஷட்டில். உயர்த்தினால் வெசல், அதாவது பிற நாடுகளின் எச்ஆர்-வி. 2017இல் இந்தியாவில் வந்த டபிள்யூஆர்-வி, ஜாஸின் கதவுகளையும் உள்ளறையையும் அப்படியே வைத்துக்கொண்டு முகத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொண்ட கார்.

நான்காம் தலைமுறை ஜாஸ் இந்தியாவுக்கும் தாய்லாந்துக்கும் ஏன் வரவில்லை?

தாய்லாந்தில் 2020 நவம்பரில் சிட்டி ஹேட்ச்பேக் என்ற புதிய காரை அறிமுகப்படுத்தி, ஜாஸின் இடத்தை அதற்குக் கொடுத்தார்கள். மலேசியா, இந்தோனேசியா, பிரேசில் ஆகிய நாடுகளும் அதே வழியில் சென்றன. மென்மையான முகத் தோற்றமும் ஹைபிரிட் முறையும் கொண்ட நான்காம் தலைமுறையை ஐரோப்பாவில் ஹைபிரிட்டாக மட்டுமே விற்றார்கள். விலையை முதலில் பார்க்கும் சந்தைகளுக்கு, செடானோடு பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஹேட்ச்பேக் மலிவாக அமைந்தது. இந்தியாவுக்குச் சிட்டி ஹேட்ச்பேக்கும் வரவில்லை. ஜப்பானில் 2022 அக்டோபரில் 1.3 பெட்ரோலுக்குப் பதிலாக 1.5 பெட்ரோல் வந்தது. ஆர்எஸ் என்ற ஸ்போர்ட்டி வகையும் திரும்பியது.

பழைய ஃபிட்டின் ஏர்பேக் ஆபத்தானது என்கிறார்களே?

தகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் இன்ஃபிளேட்டர்கள் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த சூழலில் ஆண்டுக்கணக்கில் இருந்தால், விரியும்போது வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்யும் என்பது கண்டறியப்பட்டு, உலகெங்கும் கோடிக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. முதல் இரண்டு தலைமுறை ஃபிட், ஜாஸ் கார்கள் பலவும் அந்தப் பட்டியலில் உள்ளன. நம் தட்பவெப்பத்தில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. இந்திய ஜாஸுக்கு ஹோண்டா இந்தியாவின் இணையதளத்திலும், இறக்குமதியான ஃபிட்டுக்கு ஹோண்டாவின் ஜப்பானிய இணையதளத்திலும் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், மாற்ற வேண்டியது மாற்றப்பட்டதா என்று தெரிந்துவிடும். மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை.

இந்திய ஜாஸின் பாகங்கள் ஜப்பானிய ஃபிட்டுக்குப் பொருந்துமா?

சில பொருந்தும், பல பொருந்தா. பம்பர், விளக்குகள் ஆகியவை ஒரே தலைமுறைக்குள்ளும் நாட்டுக்கு நாடு, இடையில் செய்யும் தோற்றத் திருத்தத்துக்கு முன்னும் பின்னும் வேறுபடும். எஞ்சின் பாகங்களுக்கு எஞ்சின் குறியும் கியர்பாக்ஸ் பாகங்களுக்குக் கியர்பாக்ஸின் மீது பொறித்த குறியும் ஒத்துப்போக வேண்டும். கடைக்காரரிடம் "2014 ஃபிட்டுக்கு முன் பிரேக் பேட்" என்று கேட்காமல், முழுச் சேசிஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்து, அதைக் கொண்டு பாக எண்ணைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லுங்கள். பழைய பாகத்தைக் கழற்றும் வேலையை, புதிய பாகம் கையில் வந்து இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிற நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.